மலையேறும் வண்டிக்கு வெளி ஃபிட்டிங்: வாரண்டி எதுவரை நிற்கும்?

கம்பத்தில் புது வண்டி எடுத்தவரிடம் மைலேஜ் கேட்பதற்கு முன்பே, “லைட்டு எங்கண்ணே போட்டீங்க?” என்று கேட்டுவிடுவார்கள். எங்கள் ஊர் வண்டிகள் நிறைய கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ தினமும் மேலே ஏறி இறங்குபவை. வீடு கீழே தேனி மாவட்டத்தில், ஏலத்தோட்டம் மேலே இடுக்கியில். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் வண்டன்மேடு, அணக்கரை, நெடுங்கண்டம் பக்கம் சாயங்காலமே மூடுபனி இறங்கிவிடும். அந்தப் பனியில் கம்பெனி ஹெட்லைட்டை நம்பி ரோட்டோரத்தைக் கண்டுபிடிப்பது சிரமம்தான்.

பழக்கமும் ஒரு காரணம். கமாண்டர், மேஜர் ஜீப்புகள் ஓடிய காலத்தில் பின்னால் பெஞ்சு போடுவது, மேலே கேரியர் வைப்பது, முன்னால் கம்பி கட்டுவது எல்லாமே வெல்டிங் பட்டறை வேலை. வாரண்டி என்று யாரும் பேசியதில்லை. வயரிங்கும் அப்படி: சுவிட்ச், ஃப்யூஸ், பல்பு, அவ்வளவுதான். எங்கே வேண்டுமானாலும் ஒரு வயரைச் சுரண்டி லைன் எடுத்துக்கொள்ளலாம். அதே கை இன்றைய வண்டிக்குள் போகும்போதுதான் வம்பு வருகிறது.

புத்தடிக்கும் போடிக்கும் ஏலத்துக்குச் சரக்கு அனுப்புகிற வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். பில் பார்த்துப் பழகிய கண். நானும் என் மனைவியின் தம்பியும் ஒரே சீசனில், ஒரே மாடல் வண்டி எடுத்தோம். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. நான் ஷோரூமிலேயே நாலைந்து சாமான் போட்டுக்கொண்டேன். அவன் வெளியே போட்டான்: பம்பர் மேல் ஒன்று, கூரை மேல் ஒன்று என்று இரண்டு எல்இடி பார், பெரிய ஹார்ன், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ஒரு சைஸ் பெரிய டயர். ஷோரூம் விலையில் பாதிக்கு முடிந்தது. பார்ப்பதற்கும் அவன் வண்டிதான் எடுப்பாக இருந்தது என்பதை மறுக்க முடியாது.

அடுத்த மழைக்காலத்தில் அவன் வண்டியின் டேஷ்போர்டில் ஒன்றன்பின் ஒன்றாக விளக்குகள் எரிய ஆரம்பித்தன. சென்ட்ரல் லாக் தானாகப் பூட்டித் திறந்தது, வைப்பர் நின்ற இடத்தில் நின்றது. மேலே தோட்டத்தில் இருந்ததால் கட்டப்பனைப் பக்கம் இருந்த சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோனான். நானும் கூடப் போனேன். பானெட்டைத் திறந்த அட்வைசர், வயர் கட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இது வயரிங் கட் செய்திட்டுண்டல்லோ சேட்டா” என்றார். வாரண்டி கிடையாது. கண்ட்ரோல் மாடியூலும் வயர் கட்டும் (ஹார்னஸ்) சேர்த்து 40,000 ரூபாய்க்கு மேல் எஸ்டிமேட்.

அந்த மறுப்பு நியாயம்தான். பழைய ஜீப்பில் கரண்ட் அதிகமானால் ஃப்யூஸ் எரியும், புது ஃப்யூஸ் போட்டால் முடிந்தது. இப்போதைய வண்டிகளில் பார்க்கிங் லைட், ஹார்ன், வைப்பர், கதவுப் பூட்டு எல்லாம் பாடி கண்ட்ரோல் மாடியூல் என்ற ஒரு பெட்டியின் கட்டளைக்குள் வருகின்றன. அந்தப் பெட்டி ஒவ்வொரு லைனிலும் எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். சின்ன பல்புக்கென்று கணக்குப் போட்ட லைன் அது. 120 வாட் எல்இடி பார் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். தனி ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டை இயக்குகிற சுவிட்ச்), தனி ஃப்யூஸ் வைத்து பேட்டரியிலிருந்து நேராக லைன் எடுத்திருந்தால் பெட்டிக்குத் தெரியக்கூடத் தெரிந்திருக்காது. கடைக்காரர் பார்க்கிங் லைட் வயரைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார். மலை ஈரத்தில் டேப்பின் பசை விட்டு, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. ஹெட்லைட் பல்பிலும் இதே கணக்குதான். எச்4 பல்பு 60/55 வாட். அதற்குப் பதில் 100/90 மாட்டினால், டிம்மில் மட்டும் இரண்டு பல்புக்கும் சேர்த்து சுமார் 9 ஆம்பியராக இருந்தது 15 ஆகிவிடும். வயர் சுடும், ஹோல்டர் இளகும், பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் மங்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூரை மேல் வைக்கிற எல்இடி பாரால் பனியில் பயன் இல்லை. வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி ஓட்டுகிறவர் கண்ணிலேயே அடிக்கும். பனிக்கு வேண்டியது தாழ்வாக, அகலமாக விழுகிற வெளிச்சம். பம்பருக்குள் கம்பெனியே இடம் விட்டிருக்கும் ஃபாக் லேம்ப் அதற்குத்தான். என் வண்டியின் வேரியண்டில் அது வரவில்லை, வயரும் கப்ளரும் மட்டும் உள்ளே வந்திருந்தன. ஷோரூமில் லேம்ப், சுவிட்ச் வாங்கிக் கப்ளரில் சொருகி முடித்தார்கள். ஒரு வயர்கூட வெட்டவில்லை.

மாடியூல் செலவை மச்சினன் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. சில மாதம் கழித்து, குமுளி ஏற்றத்தில் கிளட்ச் பெடல் மிதித்த இடத்திலேயே படுத்துவிட்டது. கியர்பாக்ஸ் ஓரம் ஆயில் கசிவு. பெடல் மிதிக்கும்போது ஆயில் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளுகிற ஸ்லேவ் சிலிண்டரின் சீல் போயிருந்தது. பல வண்டிகளில் இது கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருப்பதால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும், கூலி அதிகம். இந்த முறை சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைத் தட்டியதுமே பதில் வந்துவிட்டது: “மாடிஃபைட் வெஹிக்கிள், வாரண்டி கேன்சல்.”

“மாமா, அன்னைக்கே போச்சுன்னு சொன்னாங்கல்ல, பேசாம பணத்தக் கட்டிருவோம்” என்றான் அவன். நான் விடவில்லை.

வாரண்டி என்பது ஒரே கயிறு என்றும், ஓரிடத்தில் அறுத்தால் மொத்தமும் அறுந்துவிடும் என்றும்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். சர்வீஸ் சென்டரும் அப்படியே பேசும். வாரண்டி புத்தகத்தை உட்கார்ந்து படித்தால் வாசகம் வேறு மாதிரி இருக்கும். எங்கள் வண்டியின் புத்தகத்தில், மாற்றம் செய்ததால் ஏற்பட்ட பழுதுக்குப் பொறுப்பில்லை என்றுதான் இருந்தது. “செய்ததால்” என்ற அந்தச் சொல்தான் எல்லாம். லைட் வயரைச் சுரண்டியதால் மாடியூல் போகலாம். அதனால் கிளட்ச் சிலிண்டரின் ரப்பர் சீல் எப்படிப் போகும்? இதைத்தான் அட்வைசரிடம் கேட்டேன். உங்கள் வண்டியின் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி வாசகம் மாறும், சிலது இன்னும் கறாராக இருக்கும்.

அட்வைசரிடம் பதில் இருந்தது, அது முட்டாள்தனமான பதிலும் இல்லை. பெரிய டயர் போட்டிருக்கிறீர்கள், அதனால் கிளட்ச் மேல் பாரம் கூடும் என்றார். கணக்கு போட்டுப் பார்த்தால் அதில் விஷயம் இருக்கிறது. உதாரணத்துக்கு, 215/75 ஆர்15 டயரின் மொத்த உயரம் 703 மில்லிமீட்டர் சொச்சம். அதற்குப் பதில் 235/75 ஆர்15 போட்டால் 733 சொச்சம், 4 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. எல்லா கியரும் அந்த அளவுக்கு நீளமாகிவிட்டது போல ஆகும். சரக்கோடு ஏற்றத்தில் நின்று எடுக்கும்போது கிளட்சை அரைப்பிடியில் அதிக நேரம் வைத்திருக்க வேண்டிவரும். ஸ்பீடோமீட்டருக்கு இது தெரியாது. அசல் டயரில் சரியாகக் காட்டிய மீட்டர், 60 என்று காட்டும்போது வண்டி 62க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். கிலோமீட்டரும் குறைவாகவே ஏறும். வாரண்டி கிலோமீட்டர் மிச்சமாகிறது என்று இதைப் பெருமையாகச் சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்! 205/65 ஆர்16க்குப் பதில் 215/65 ஆர்16 என்றால் வித்தியாசம் 2 சதவீதத்துக்குள். 3 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று டயர்க் கடைக்காரர்களே சொல்வார்கள். நான் அளவை மாற்றாமல் பட்டன் (தரையைப் பிடிக்கிற ரப்பர் கட்டைகள்) மட்டும் மாறுகிற ஆல் டெரெய்ன் டயர் போட்டேன். தோட்டத்துச் சேற்றுக்கு அதுவே போதும்.

ஆக, பெரிய டயரால் கிளட்ச் பிளேட் தேயலாம். அதை ஒத்துக்கொண்டேன். பிளேட் எப்படியும் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது. ஆனால் சீல் கசிவு வேறு விஷயம். எனவே இரண்டையும் பிரித்து எழுதித் தரச் சொன்னேன்: எந்தப் பாகம் போனது, எந்த மாற்றத்தால் போனது, வாரண்டி புத்தகத்தின் எந்த விதிப்படி மறுக்கிறீர்கள். வாயால் “கேன்சல்” என்று சொல்வது எவருக்கும் எளிது, ஜாப் கார்டில் எழுதும்போதுதான் யோசிப்பார்கள். அவர் எழுத மறுத்தார். அங்கேயே நின்றுகொண்டு அதே கேள்விகளைக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மெயிலில் அனுப்பினேன். சேஸிஸ் நம்பர், கிலோமீட்டர், கசிவின் போட்டோ, டயர் போட்டோ எல்லாம் சேர்த்து. பெரிய டயரை மறைக்கவில்லை. கம்பெனியின் ஏரியா ஆள் வந்து பார்த்தார். சிலிண்டருக்கும் கியர்பாக்ஸ் இறக்கிய கூலிக்கும் வாரண்டி கிடைத்தது. ஆயிலில் நனைந்த பிளேட்டுக்கு நாங்கள் பணம் கட்டினோம். சீல் கசிந்ததால்தானே பிளேட்டும் கெட்டது என்று இன்னும் வாதாடியிருக்கலாம். பெரிய டயரை வைத்துக்கொண்டு அதற்குமேல் இழுக்க மச்சினனுக்கு மனம் வரவில்லை.

மறைக்காததைச் சொன்னேன். ஃபிட்டிங் கடைகளில் ஒரு பேச்சு உண்டு: “சர்வீஸுக்கு முந்தின நாள் வாங்கண்ணே, கழட்டித் தர்றேன், திரும்ப மாட்டிக்கலாம்.” நம்பாதீர்கள். டேப் சுற்றிய தடம், போல்ட் துளை, வெட்டிய வயர் எல்லாம் அப்படியே இருக்கும். இஞ்சின் மேப்பிங்கை, அதாவது இஞ்சினை இயக்குகிற கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றியிருந்தால், பல வண்டிகளில் அந்தக் கண்ட்ரோலர் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கே உள்ளே பதிவாகும். பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினாலும் எண்ணிக்கை குறையாது. அதைவிடப் பெரிய நஷ்டம், மறைத்தது தெரிந்தபின் நியாயமான கிளெய்மையும் யாரும் நம்பமாட்டார்கள். பவர் கூட்டுகிற மேப்பிங் மட்டும் எனக்குச் சமாதானமே ஆகாத விஷயம். இஞ்சின், டர்போ, கிளட்ச், கியர்பாக்ஸ் எது போனாலும் அதன் மேல் சாட்டிவிடலாம்.

யூடியூபில் ஆங்கில வீடியோ பார்த்துவிட்டு, “வெளிப் பார்ட்ஸ் போட்டால் வாரண்டியை ரத்து செய்யவே முடியாது, சட்டம் இருக்கிறது” என்று வாதாடுகிற தம்பிகளும் உண்டு. அவர்கள் சொல்வது அமெரிக்காவில் 1975இல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டம். கம்பம்மெட்டில் அது செல்லாது. நம் நாட்டில் கையில் இருப்பது வேறு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு எதிராக ஓர் உத்தரவு போட்டது. வெளிப் பட்டறையில் வேலை பார்த்தாலே வாரண்டி ரத்து என்று மொத்தமாக நிபந்தனை வைக்கக் கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் வந்த சேதம் எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் ரத்து செய்யலாம் என்பது அதன் சாரம். உத்தரவு மேல்முறையீட்டுக்குப் போனது. அது பழுது பார்ப்பதைப் பற்றியது, கூடுதல் ஃபிட்டிங் பற்றியது இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் பாகம் பாகமாகப் பிரித்துப் பார் என்ற அந்த யோசனை மெயில் எழுதுகிறவருக்கு நல்ல பிடி.

மெயிலுக்கும் மசியாவிட்டால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வண்டியைக் கேரளாவில் வாங்கியிருந்தாலும், குடியிருப்பு கம்பம் என்றால் தேனி மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 50 லட்சம் ரூபாய் விலை வரை மாவட்ட ஆணையம்தான். 10 முதல் 20 லட்சம் வரையான வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். பழுதுக்குக் காரணம் எது என்ற சண்டை வந்தால் பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் கழற்றிய பழைய பாகத்தைப் பார்த்து, நம்பரோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் 1915 உதவி எண்ணில் பதிவு செய்தாலே சில டீலர்கள் இறங்கி வருவார்கள்.

ஷோரூமில் போட்டால் எல்லாமே பத்திரம் என்று நினைப்பதும் சரியில்லை. இங்கேதான் பில் பார்க்கிற கண் உதவியது. எனக்குக் கொடுத்த அக்சசரீஸ் பட்டியலில் சில சாமானுக்குக் கம்பெனி பார்ட் நம்பர் இருந்தது, சிலதுக்கு இல்லை. விசாரித்தால், பார்ட் நம்பர் இல்லாதவை ஷோரூம் வெளிக்கடையிலிருந்து வரவழைத்து மாட்டுகிறவை. மாட்டுகிற பையனும் வெளிக்கடை ஆள்தான். நாளைக்குப் பிரச்சினை என்றால் கம்பெனி அதைத் தன் சாமானாக ஏற்காது. ரிவர்ஸ் கேமராவை அந்தப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, பார்ட் நம்பர் உள்ளதையே கேட்டு வாங்கினேன். விலை கூடுதல்தான். பில் தனியாக, ஜிஎஸ்டியோடு, வண்டி நம்பர் அல்லது சேஸிஸ் நம்பர் போட்டு வாங்க வேண்டும். முதல் சர்வீஸின் ஜாப் கார்டில் அந்த ஃபிட்டிங்குகளை எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. பேட்டரிக்கும் டயருக்கும் பெரும்பாலும் அந்தந்தத் தயாரிப்பாளரின் தனி வாரண்டி என்பதால் அந்த அட்டைகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வாரண்டியைவிட உயிர் சம்பந்தப்பட்டவை இரண்டு. ஒன்று சீட் கவர். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள வண்டிக்கு, அந்த இடத்தில் பிரிகிற தையல் உள்ள கவர்தான் போட வேண்டும். சாதாரணக் கவர் ஏர்பேக்கை வெளியே விடாது. இன்னொன்று முன்னால் மாட்டுகிற கம்பி. எங்கள் பக்கம் காட்டுப்பன்றி குறுக்கே வரும் என்பதால் கம்பி இல்லாமல் வண்டியா என்பார்கள். மோதும்போது நொறுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதற்கென்றே முன்பக்கத்தை வடிவமைக்கிறார்கள். கம்பி அந்த வேகத்தை நேராகச் சட்டத்துக்குக் கடத்திவிடும், ஏர்பேக் விரிய வேண்டிய நேரமும் தவறிப்போகலாம். அதனால்தான் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இவற்றின் மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது.

எல்லைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் தலைவலி உண்டு. கீழே கண்டுகொள்ளாமல் விடுகிற விஷயத்துக்கு மேலே கேரள மோட்டார் வாகனத் துறை நிறுத்தும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்சி விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் என்பதைக் கவனியுங்கள். மச்சினனின் இரண்டு லைட் பாரையும் ஹார்னையும் குமுளியில் எண்ணிச் சொன்னார்கள்.

கண்ணாடியில் ஒட்டுகிற படலத்திலும் (சன் ஃபிலிம்) குழப்பம் நிறைய. 2012இல் உச்ச நீதிமன்றம் படலத்தைத் தடை செய்தது. பிறகு விதி திருத்தப்பட்டு, முன்பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் கடந்தால் போதும் என்ற அளவுக்குள் இருக்கும் படலத்துக்கு அபராதம் போடக் கூடாது என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. படலத்தால் வாரண்டிக்கு ஒன்றும் ஆகாது. ஒட்டும்போது தண்ணீர் கதவுக்குள் இறங்கி பவர் விண்டோ சுவிட்சை நனைத்துவிடாமல் பார்த்துக்கொண்டால் சரி.

போட்ட சாமானை இன்சூரன்ஸ் பாலிசியில் சேர்க்கவும் மறக்கக் கூடாது. எலக்ட்ரிக்கல் சாமான்களுக்குப் பொதுவாக அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். 20,000 ரூபாய் சாமானுக்கு 800 ரூபாயும் வரியும். வெளியே கேஸ் கிட் போடுகிறவர்கள் ஆர்சியிலும் பாலிசியிலும் ஏற்றாமல் ஓட்டினால், வாரண்டியோடு சேர்ந்து விபத்து கிளெய்மும் சிக்கலாகிவிடும்.

மச்சினன் இப்போது கூரை லைட்டைக் கழற்றிவிட்டு ஃபாக் லேம்ப் போட்டிருக்கிறான், கப்ளரில் சொருகியது, தனி பில்லோடு. டயர் தேய்ந்ததும் பழைய அளவுக்கே திரும்புவதாகச் சொல்கிறான். ஹார்னை மட்டும் விடமாட்டேன் என்கிறான். ரிலே வைத்துத் தனி லைன் எடுத்திருக்கிறானாம். மாடியூலுக்கு ஒன்றும் ஆகாது, சரி. குமுளியில் 5,000 ரூபாய் யார் கட்டுவது என்று கேட்டேன், அதற்கு இன்னும் பதில் வரவில்லை.